அரை மாத்திரை

யெசெனிட்சே வானொலி நிலையத்தில்
எட்டு நொடிக்கு மேல் சத்தமே இல்லையென்றால்
சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.
பிறகு யாரையும் கேட்காமல்
எந்திரமே ஓர் அக்கார்டியன் இசையைப் போட்டுவிடும்.
மின்கம்பி அறுந்தால், அறிவிப்பாளர் மயங்கி விழுந்தால்
என்றெல்லாம் யோசித்துச் செய்த ஏற்பாடு.
போரூத் கோபாச்சை யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிறு மதியம்
பனிமலைத் தாவலில் இருநூற்று முப்பத்தொரு மீட்டர்
காற்றில் படுத்தபடி போய் இறங்கியவன்
திங்கள் காலை நேரலையில் உட்கார்ந்திருக்கிறான்.
இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது.
"நேயர்களுக்கு உங்கள் பெயரைச் சொல்லுங்களேன்"
என்கிறான் ராதோ, விளையாட்டாக.
ஊருக்கே தெரிந்த பெயர்.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்கிறது நம் இலக்கணம்:
கண்ணிமைக்கும் பொழுதில் பாதி.
புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது
என்றும் படித்திருக்கிறோம்.
அவனுக்கு வந்தது.
வந்து, வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டது.

மூன்றாம் நொடியில் கழுத்து நரம்பு புடைத்தது.
ஐந்தாம் நொடியில்
ராதோவின் உதடுகள் அந்தப் பெயருக்காகக் குவிந்தன,
எடுத்துக் கொடுக்க.
கோபாச் உள்ளங்கையை உயர்த்தினான். பொறு.

மூன்று குளிர்காலங்களுக்கு முன், ஆஸ்திரியாவில்,
பாதித் தூரத்தில் விழுந்து எழுந்தவனிடம்
ஏன் என்று கேட்டார்கள்.
பயந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான்.
(அவர்கள் மொழியில் அந்தச் சொல் வேறு,
அடைத்துக்கொண்ட இடம் ஒன்றுதான்.)
"பலத்த காற்றோ?" என்றார் ஒரு நிருபர்,
நல்ல மனிதர், உதவத்தான் கேட்டார்.
தலையாட்டுவது சுலபமாக இருந்தது.
காற்றின்மேல் பழி போடுகிறார் கோபாச்,
மறுநாள் எட்டுப் பத்தித் தலைப்பு.
அந்தப் பருவம் முழுக்க
மைதானத்தில் அவன் தலை தெரிந்ததும்
யாராவது உஸ்ஸென்று காற்றடிப்பார்கள்.
அதிலிருந்து
இரவல் சொல் வாங்குவதில்லை.

எட்டாம் நொடி. சிவப்பு விளக்கு.
நகரத்துச் சமையலறைகளில், இரும்பாலை உணவகத்தில்,
பாலத்தடியில் நின்ற ரொட்டி வண்டியில்
கல்யாண வீடு மாதிரி அக்கார்டியன்.
காதுப்பொறியில் அதைக் கேட்ட கோபாச்
தோள் குலுங்கச் சிரித்தான்.
சிரிப்பு திக்கவில்லை.
பெயர் இன்னும் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறியாளர் ஸ்தாங்கா
மேசைக்கு அடியில் புகுந்து
கண்காணிப்புப் பெட்டியின் சாவியைத் திருகினாள்.
விதிப்படி பதிவேட்டிலும் எழுத வேண்டும்:
காலை 9.14. மௌனக் கண்காணிப்பு நிறுத்தம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
விருந்தினர் பேசிக்கொண்டிருக்கிறார், என்று எழுதினாள்.

"ப்... போரூத்."
கோபாச்சுக்கு இன்னொரு ஆறு நொடி.
அதன் பிறகு ராதோ
முந்தைய இரவே எழுதி வைத்திருந்த கேள்வி:
மேலே பறக்கையில் விடுதலை, இல்லையா?
திக்கல் எட்டாத இடம்?

"இல்லை. மே... மேலே
பேச ஆளில்லை. அவ்வளவுதான்."

நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி அடித்தது.
அந்த அக்கார்டியனை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்
என்று ஒரு கிழவர் கோபித்தார்.
அடுத்த அழைப்பில் பேச்சில்லை.
மூச்சு மட்டும்; பின்னால் எங்கோ குழாய் சொட்டும் ஒலி.
தவறான எண் என்று வைக்கப் போனாள் ஸ்தாங்கா.
ஏழு. எட்டு. ஒன்பது.
காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொண்டாள்.